சாமி நேரில் வந்தால்? எல்லையோர யுக்திவாதிகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரள எல்லையோரம் வாளையாறு தொடங்கி வண்டிப்பெரியார் வரைக்கும் சிதறிக் கிடக்கும் தோழர்களே,

"சாமி நேர்ல வந்து உன் முன்னாடி நின்னா என்ன பண்ணுவ?" இந்தக் கேள்வி உங்களில் ஒருவரையும் விட்டுவைத்திருக்காது. சித்தூரில் கல்யாணப் பந்தியில் கேட்டிருப்பார்கள். குமுளி பஸ் ஸ்டாண்டில், மாலை போட்ட மச்சான் கேட்டிருப்பார். மூணாறு லயத்து வாசலில், கொழுந்து பறித்துவிட்டு வந்த அத்தை கேட்டிருப்பார். நீங்கள் சிரித்திருப்பீர்கள். "வரட்டும், பார்க்கலாம்" என்றிருப்பீர்கள். பேச்சு அத்தோடு நின்றிருக்கும்.

அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குப் புகார். நானும் நம்பாதவள்தான், உங்கள் பக்கத்து ஆள்தான். அதனால் இதை வெளியாள் சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆதாரம் கொடு, ஆதாரம் கொடு என்று ஐம்பது அறுபது ஆண்டுகளாக மேடை போட்டுக் கேட்டவர்கள் நாம். கொடுத்தால் என்ன செய்வோம் என்று மட்டும் ஒரு மேடையிலும் சொன்னதில்லை. கடன் கேட்டு வாசலில் நிற்பவன் எப்போது திருப்பித் தருவேன் என்று சொல்ல மறுத்தால், அவன் பேச்சை யார் மதிப்பார்கள்?

கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டால் உங்களிடமிருந்து வரும் பதில்களும் எனக்குத் தெரியும். "எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போவேன்" என்பது ஒன்று. தனியாக ஒருவர் ஒரு ராத்திரி கண்ட காட்சிக்கு அது சரியான பதில்தான். காய்ச்சலிலும் துக்கத்திலும் மனிதர்கள் எதையெதையோ பார்க்கிறார்கள். ஆனால் நீங்கள் அதோடு நிறுத்துவதில்லை. ஆயிரம் பேர் பார்த்தால் கூட்டு மயக்கம், கேமராவில் பதிந்தால் கம்ப்யூட்டர் வேலை, விஞ்ஞானி ஒப்புக்கொண்டால் அவரை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள், எல்லாம் பொருந்தி வந்தால் வேற்றுக்கிரகத்து ஆள். இப்படி எல்லாக் கதவையும் முன்கூட்டியே தாழ் போட்டுவிட்டு "ஆதாரம் கொண்டு வா" என்று அழைப்பது நியாயமா? எது நடந்தாலும் என் எண்ணம் மாறாது என்கிற சபரிமலைக் குருசாமிக்கும் உங்களுக்கும் அப்போது என்ன வித்தியாசம்?

நம் முன்னோடிகள் இப்படி இருக்கவில்லை. திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்புப் பக்கத்திலும் பாடம் நடத்திய ஆபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு லட்சம் இலங்கை ரூபாயைப் பந்தயமாக வைத்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்கட்டும், தணல்மேல் கால் பொத்துப்போகாமல் அரை நிமிடம் அசையாமல் நிற்கட்டும், தண்ணீரைப் பெட்ரோலாக்கட்டும் என்று அவர் பட்டியல் நீண்டது. 1978-இல் அவர் கண்மூடும்வரை பணத்தை யாரும் வெல்லவில்லை. அவருக்குப் பிறகு கோழிக்கோட்டில் பிறந்த பிரேமானந்த் அதே பந்தயத்தைக் கையில் எடுத்தார். பாலக்காட்டில் ரயிலேறினால் கோவைக்குச் சற்று முன்னால் வருகிற போத்தனூரில் இருந்துகொண்டுதான் 'இந்தியன் ஸ்கெப்டிக்' பத்திரிகையை நடத்தினார். சாமியார்கள் செய்யும் வித்தைகளை எல்லாம் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டி, எப்படிச் செய்தேன் என்றும் சொன்னார்.

அந்தப் பந்தயத்தின் பெருமை, அது தோற்கக்கூடிய பந்தயம் என்பதுதான். யாராவது உறைக்குள் இருந்த எண்ணைப் படித்திருந்தால் பணம் போயிருக்கும். கோவூர் நிபந்தனையை முன்னால் எழுதிவைத்தார், பின்னால் மாற்ற முடியாதபடி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியல் சித்து காட்டுகிறவர்களுக்கானது. ஒருவன் தணலில் நின்று காட்டினால் அவனிடம் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்பதுதான் நிரூபணமாகும், கடவுள் நிரூபணமாக மாட்டார். கடவுளுக்கென்று அப்படி ஒரு பட்டியலை நாம் எழுதவே இல்லை. அந்த வேலையை நம் தலைமுறைக்கு மிச்சம் வைத்துப் போயிருக்கிறார்கள்.

பெரியாரிடம் இதே கேள்வியைக் கேட்டதாகவும், வந்தால் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன், அதிலென்ன என்ற தோரணையில் அவர் பதில் சொன்னதாகவும் தமிழ்நாட்டு மேடைகளில் ஒரு கதை உண்டு. நார்வுட் ரசல் ஹான்சன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இன்னும் விரிவாகவே கற்பனை செய்தார். ஒரு நாள் காலையில் பேரிடி இடிக்கிறது, மேகம் விலகி மலையளவு உருவம் எழுகிறது, உலகம் முழுக்க எல்லோரும் பார்க்கிறார்கள், அது அவரையே விரல் நீட்டிப் பேசுகிறது. அப்படி நடந்தால் ஒப்புக்கொள்வேன் என்றார் அந்த நாத்திகர். மழுப்பவில்லை. எனக்கு இந்த நேர்மை பிடிக்கிறது.

இடியும் மலையளவு உருவமும் எனக்கு வேண்டாம். நிறையப் பேர் பார்த்தார்கள் என்பது எவ்வளவு மெலிந்த ஆதாரம் என்று 1995 செப்டம்பர் 21-ஆம் தேதி தெரிந்துவிட்டது. அன்றைக்கு நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தார். கரண்டி விளிம்பிலிருந்து பாலின் பரப்பு இழுவிசை செய்த வேலை அது என்று விஞ்ஞானிகள் காட்டினார்கள். பிள்ளையாருக்கு நீட்டிய அந்தக் கரண்டிகளைப் பிடித்திருந்தவர்களில் இன்ஜினியர்களும் டாக்டர்களும் உண்டு.

என் நிபந்தனை வேறு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள், கிட்டத்தட்ட அனைவருமே நம்மைப்போலத் தமிழ் பேசுகிற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, மழைமானியும் மண் பரிசோதனையும் இல்லாத ஒரு குரல், அந்த லயத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், எழுந்து போங்கள் என்று சொல்லியிருந்தால்? ஒரு முறை போதாது, தற்செயல் என்பேன். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும், ஒவ்வொரு காலவர்ஷத்திலும், எந்தச் சரிவு எந்த மணிக்கு என்று தப்பாமல் முன்னதாக, கும்பிடுகிறவர்களுக்கும் கும்பிடாதவர்களுக்கும் ஒன்றுபோலச் சொல்லிக்கொண்டே வந்தால், அதைப் பொய்யாக்க வேண்டும் என்று வெறியோடு வருகிற உங்களைப்போன்ற பத்துப் பேர் கணக்கு வைத்துப் பார்த்தும் தவறு கண்டுபிடிக்க முடியாமல் போனால், நான் ஒப்புக்கொள்வேன். மனிதரைவிடப் பெரிய அறிவு ஒன்று இருக்கிறது, அது நம்மோடு பேசுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகும் மூளைக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் நான் யுக்திவாதி இல்லை, பிடிவாதக்காரி.

இப்படி எழுதும்போதே உங்களில் சிலருக்கு உடம்பு கூசும். "எதுக்குத் தோழரே அவங்க கையில கம்பக் குடுக்கறீங்க?" என்பீர்கள். கூச்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இது எங்கிருந்து வருகிறது?

பதிலுக்கு முன் சபரிமலையின் மகரவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னம்பலமேட்டில் தெரிவது மனிதர் ஏற்றும் வெளிச்சம் என்று கேரள யுக்திவாதிகள் பல ஆண்டுகள் கத்தினார்கள். வானத்தில் தெரியும் நட்சத்திரம் மகரஜோதி, மேட்டில் தெரியும் விளக்கு ஏற்றப்படுவது என்று 2008-இல் சபரிமலைத் தந்திரி கண்டரரு மகேஸ்வரருவே சொன்னார். 2011 ஜனவரி 14-ஆம் தேதி, அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் வண்டிப்பெரியாருக்கு அருகே புல்மேட்டில் இருட்டில் நெரிபட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இருமுடி கட்டி வந்தவர்கள். பிறகு உயர் நீதிமன்றம் கேட்டபோது, மனிதர்தான் ஏற்றுகிறார்கள் என்று தேவசம் போர்டும் ஒப்புக்கொண்டது. பல ஆண்டு வாதத்தில் நாம் ஜெயித்துவிட்டோம். அதோடு கூட்டம் வருவது நின்றுவிட்டதா? இல்லை.

அப்போது நாம் என்ன சொன்னோம்? "பாத்தீங்களா, உண்மையைக் கையில் கொடுத்தாலும் மாறமாட்டார்கள்" என்றோம். ஆனால் மாலை போட்ட ஒருவரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். "வெளிச்சத்த யாரு ஏத்துனா எனக்கென்ன, நான் ஐயனப் பாக்கப் போறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நம்பிக்கை அந்த வெளிச்சத்தின்மேல் கட்டப்பட்டதே இல்லை. அதனால் வெளிச்சத்தின் கதை வெளிவந்ததும் அது இடியவில்லை.

இதே கணக்கை நம் வீட்டுக்குள் போட்டுப் பார்க்க நமக்குத் தைரியம் உண்டா? நம் நம்பாமை எதன்மேல் கட்டப்பட்டது? ஆதாரம் இல்லாததன்மேல் என்கிறோம். அப்படியானால் ஆதாரம் வந்தால் அது இடிய வேண்டும். இடியாது என்று உள்ளுக்குள் தோன்றினால், அது வேறு எதன்மேலோ நிற்கிறது என்று பொருள். வேறு எதன்மேலும் நிற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் ஈழவர் நடக்கக் கூடாது என்று நூறு ஆண்டுகளுக்கு முன் அடித்து விரட்டினார்கள். அந்த ஜில்லாவில் ஒரு குடும்பம் கோயிலை வெறுத்ததற்குத் தர்க்கநூல் படித்திருக்க வேண்டியதில்லை. பெட்டிமுடியில் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு விளக்கேற்றுவதை நிறுத்தியவர் ஹான்சனைப் படித்தவர் அல்ல. கட்சிக்கு வந்ததால் சாமியை விட்டவர்கள் இடுக்கித் தோட்டங்களில் எத்தனையோ பேர். இவர்களின் மறுப்பு ஒரு வழக்கு. இருக்கிறாரா என்ற கேள்வி அதில் முதல் வரிகூட இல்லை. இருந்தால் ஏன் அப்படி இருந்தார் என்பதுதான் வழக்கு. கடவுள் நாளையே நிரூபணமானாலும் இவர்களின் வழக்கு தள்ளுபடியாகாது. பிரதிவாதி இப்போதுதான் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே என் இரண்டாவது பதிலையும் சொல்கிறேன். இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வேன். கும்பிடுவேனா என்பதை அப்புறம்தான் யோசிப்பேன். முதலாவது கண்ணும் கணக்கும் முடிவு செய்கிற விஷயம், அதில் எனக்கு விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. இரண்டாவது முழுக்க என்னுடையது.

இது திமிர் என்று கேட்டவர் சொல்வார். அவருக்கு அவர் வீட்டுக் கதையையே நினைவுபடுத்துங்கள். நக்கீரர் எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாமலா பேசினார்? நெற்றிக்கண் திறந்த பிறகும் பாட்டில் குற்றம் உண்டு என்றார். பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்றாலும் அந்தக் கதையைப் பக்தர்கள்தான் திருவிளையாடலுக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். நம்பாதவர்கள் எழுதி நுழைத்ததல்ல. தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் கடவுளை மறுக்கவில்லை. குழந்தைகளின் கண்ணீரை விலையாக வைத்த சொர்க்கத்துக்கு டிக்கெட் வேண்டாம் என்று திருப்பித் தருகிறான். இன்னும் பக்கத்தில் வாருங்கள். குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில், இரண்டு மாநிலத்துப் போலீசும் காவல் நிற்க, சித்திரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிற கோயிலில் யார் இருக்கிறார்? கணவனைக் கொன்ற ஊரின் வீதியில் நின்று, இங்கே தெய்வம் என்று ஒன்று உண்டா என்று கேட்ட பெண். சிலப்பதிகாரம் அந்தக் கேள்வியைக் கேட்டவளையே தெய்வமாக்கியது. நம் மலையில் ஜீப் பிடித்தும் பளியங்குடி வழியே நடந்தும் போய்க் கும்பிடுகிறவர்கள், ஒரு சந்தேகக்காரியைத்தான் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் நம் கேள்விக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இன்னொன்று. ஆதாரம் வந்தால் கலங்குவது நாம் மட்டும்தான் என்று நினைக்கிறார்களே, அதுவும் தப்பு. வருகிறவர் யார் என்று கேட்க வேண்டாமா? நம் ஏரியாவில் ஒரே மலைச்சாலையில் மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் மாதா குருசடியும் வரிசையாக இருக்கின்றன. பேசுகிற குரல் தன் பெயரைச் சொன்ன அந்த நிமிஷம், மீதிப் பேருக்கெல்லாம் அது சாத்தானின் குரலாகிவிடும். பெயரே சொல்லாவிட்டால் இன்னும் மோசம். நாம் பத்துப் பேர் கணக்கு நோட்டோடு நிற்கும்போது, மறுக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் நெற்றியில் குறியோடு நிற்பார்கள். புதுமைப்பித்தன் 1943-லேயே ஒரு கதையில் இதைப் பார்த்துவிட்டார். சென்னைக்கு வந்த கடவுளைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய், தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா சேர்க்கப் பார்க்கிறார் கந்தசாமிப் பிள்ளை. கடவுள் ஆடிக்காட்டுகிறார், கலை தெரிந்த பெரிய மனிதரோ வெளியே போகச் சொல்கிறார். கடவுளைக் கடைசிவரை மரியாதையாக நடத்தியது அவரிடம் வரம் கேட்காத பிள்ளையின் குடும்பம்தான். நமக்கும் அந்த மாதிரி விருந்தோம்பல் கைவசம் இருக்கும் என்றே நம்புகிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பிரேமானந்த் 2009 செப்டம்பரில், நோய் முற்றிப் போத்தனூரில் படுத்திருந்தபோது, ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார். கடைசி நேரத்தில் கடவுளிடம் திரும்பிவிட்டார் என்று புரளி கிளப்புவார்கள் என்று தெரிந்து, நான் யுக்திவாதியாகவே இருக்கிறேன் என்று எழுதிவைத்தார். அக்டோபர் 4-ஆம் தேதி இறந்தார். அவர் எழுதியது, எதற்காக மாறமாட்டேன் என்பதை. வலியும் பயமும் என்னை மாற்றாது என்பதுதான் அதன் பொருள். நீங்கள் எழுத வேண்டியது அதன் மறுபாதி. எதற்காக மாறுவேன் என்பது. எனக்குத் தெரிந்து இது அதைவிடக் கடினம், ஏனென்றால் இதில் தோற்க இடம் இருக்கிறது.

அடுத்த மகரவிளக்கு நாளுக்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள். சொந்தக் கையால் எழுதுங்கள், தமிழிலோ மலையாளத்திலோ. இன்னது நடந்தால், இத்தனை முறை நடந்தால், இன்னார் சோதித்தால், கடவுள் உண்டு என்று ஒப்புக்கொள்வேன் என்று எழுதுங்கள். என் பெட்டிமுடி நிபந்தனையைக் காப்பியடிக்க வேண்டாம், உங்கள் வாழ்க்கையில் எது கனக்கிறதோ அதிலிருந்து எடுங்கள். எந்த ஆதாரமும் என்னை மாற்றாது என்பவர் அதையே எழுதுங்கள், ஆனால் அதன் காரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். கோயில் வாசலில் பட்ட அடியா, பறிகொடுத்த பிள்ளையா, எதுவானாலும். ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வீர்கள், அப்போதும் எதைச் செய்யமாட்டீர்கள் என்பதும் வேண்டும். என் தாளில், ஒரு ஜாதிக்காரனை வெளியே நிறுத்தச் சொல்லும் குரல் எவ்வளவு சரியாக மழையைச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படமாட்டேன் என்று ஒரு வரி இருக்கிறது. தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

அதைச் சங்கத்து ஃபைலில் போட்டுப் பூட்டாதீர்கள். தோழர்கள் கைதட்ட மேடையில் வாசிக்கவும் வேண்டாம். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம், அந்த மச்சானிடம், அந்த அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அத்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமம் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். இடையில் அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். பதிலுக்கு அவரிடமிருந்து எதையும் எழுதி வாங்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோழமையுடன்,
உங்களில் ஒருத்தி